ஊட்டும் கையின் துணிவு: ஓர் இளம் கிராமச் செவிலியரின் கையேடு பற்றி

பால் பத்தவில்லை என்று தாய் நினைப்பது வேறு, பால் உண்மையிலேயே குறைவது வேறு. பல வீடுகளில் முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவருகிறது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். சந்தேகப்பட்டு ஒரு வேளைக்குப் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் அந்த வேளை உறிஞ்சல் நிற்கும், சுரப்பும் குறையும், சந்தேகம் உறுதியாகிவிடும். தாயின் தன்னம்பிக்கை வெறும் மனநிலை அன்று. பாலூட்டலின் இயக்கத்திலேயே அதற்குப் பங்கு உண்டு. உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977-இல் முன்வைத்த 'தன்னால் முடியும்' என்னும் நம்பிக்கை பற்றிய கோட்பாட்டைக் கொண்டு, 1999-இல் கனடாவின் சிண்டி-லீ டென்னிஸ் பாலூட்டும் தாயின் நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார்.

புதுக்கோட்டை மாவட்டத் தாய்மாருக்கென இளம் கிராமச் செவிலியர் ஒருவர் எழுதியுள்ள கையேட்டின் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் ஆகியவற்றில் அவர் எழுதியது சரியே. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'கட்டாயம்', 'தவறினால்', 'கூடவே கூடாது' என்று வருவது பொறுக்க முடியாதது. பிள்ளை பெற்றுப் பத்து நாளான பெண் இதைப் படித்தால், தான் எங்கெங்கே தவறினோம் என்று எண்ணத் தொடங்குவாள். நம்பிக்கை வரும் வழிகளாகப் பந்துரா சொன்னவை நான்கு: தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்றவள் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் வலுவானது முதலாவது. கையேடோ சொல்லை மட்டுமே நம்புகிறது, அந்தச் சொல்லிலும் ஊக்கம் இல்லை.

தாய் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும் அடையாளங்களுக்கு முதல் பக்கத்தில் இடம் தந்திருக்க வேண்டும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டதா என்று பார்த்தால் போதும். இவை தேறினால் பால் பத்துகிறது.

தாய் தானே பார்த்து அறிவதற்கு இந்த மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நடந்த மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். உருண்டையைவிடத் தராசுக்கே இங்கு அதிக மதிப்புத் தர வேண்டும். அட்டையில் கோடு ஏறுவதைத் தாய் தன் கண்ணால் பார்த்தாள். இன்று அங்கன்வாடியில் எடையைக் குறித்துக்கொண்டு, அட்டையைத் தாயிடம் காட்டாமலே மூடிவைக்கும் பழக்கம் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும்.

அதே மாவட்டத்தில் 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் எழுந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஊர் நடுவே போனார்கள். ஒருத்தி ஓட்டுவதைப் பார்த்து அடுத்தவள் ஏறினாள். பந்துரா சொன்ன இரண்டாவது வழி அதுதான். நல்ல ஊட்டு முறையும் அப்படித்தான் பரவும். கூட்டத்தில் செவிலியர் பேசுவதைவிட, அதே தெருவில் எட்டு மாதப் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டுகிறவளைப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு வேளை பார்த்திருப்பது மேல்.

இரண்டாவது குறை, கையேட்டில் மாமியாரே இல்லை. பிறந்ததும் சேனை வைப்பவரும், 'பிள்ளை அழுவுதே, பால் பத்தலையோ' என்று முதலில் கேட்பவரும் பல வீடுகளில் அவர்தான். அவரைச் சேர்க்காமல் தாய்க்கு மட்டும் சொன்னால், வீட்டில் எதிர்த்து நிற்கும் சுமையையும் அவள் தலையிலேயே ஏற்றியதாகும்.

ஆறு மாதம் முடிந்ததும் கேள்வி மாறுகிறது. பால் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு முதல் எட்டு மாதத்தில் மற்ற உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. இரண்டாம் ஆண்டில் 550. தண்ணீராய் ஓடும் கஞ்சி சிறு வயிற்றை நிரப்பும், சத்துத் தராது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் பருப்புச் சோறு, கீரை, முட்டை, கொஞ்சம் எண்ணெய் அல்லது நெய். இந்தப் பதத்தை எழுதிப் புரியவைக்க முடியாது. செய்து காட்ட வேண்டும்.

கையேட்டில் பிள்ளை உணவை மறுப்பது பற்றிய பக்கத்தை மட்டும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒன்பது மாதப் பிள்ளை முகத்தைத் திருப்புகிறது; தாய் வாயில் திணிக்காமல் கையைத் தாழ்த்திக் காத்திருக்கிறாள்; சற்று நேரத்தில் பிள்ளையே வாய் திறக்கிறது. அதட்டல் ஒன்றும் இல்லாமல் எழுதப்பட்ட பக்கம் அது ஒன்றுதான். இத்துறையில் பல்லாண்டு பழகியவர்களும் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. புதிய உணவைப் பிள்ளை ஏற்கப் பத்துத் தடவை வரைகூட ஆகலாம் என்பதையும் அதில் சேர்த்து, மறுப்பு தன் தோல்வியன்று எனத் தாய் அறியும்படி, அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை முன்னால் வைக்கலாம்.