செய்தி சொல்வதும் ஒரு வேலையே

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

ஊராட்சியில் ஒரு சிமென்ட் சாலை போடுவதென்றால் நாம் எவ்வளவு முறையாக நடந்துகொள்கிறோம்! முதலில் மதிப்பீடு தயாரிக்கிறோம். தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் பெறுகிறோம். வேலை உத்தரவு கொடுத்து, இன்ன நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு விதிக்கிறோம். வேலை முடிந்ததும் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே பணம் வழங்குகிறோம்.

ஆனால் அதே ஊர் மக்களுக்கு ஒரு செய்தியை அறிவிக்கும்போது இம்முறைகளுள் ஒன்றையேனும் பின்பற்றுகிறோமா? ‘சொல்லியாயிற்று’ என்ற ஒரு சொல்லோடு கோப்பை மூடிவிடுகிறோம். செய்தி எத்தனை வீடுகளை எட்டிற்று, கேட்டவர் என்ன செய்தார் என்று அளந்து பார்ப்பதில்லை. சாலை சரியில்லையென்றால் வண்டி குலுங்கும். செய்தி சரியாகச் சேரவில்லையென்றால் சில வேளைகளில் உயிரே போய்விடும். ஆதலின், சாலை வேலைக்குக் காட்டும் ஒழுங்கை மக்கள் தொடர்புப் பணிக்கும் காட்டுதல் வேண்டும். அது எவ்வாறு இயலும் என்பதைக் கடலூர், சிதம்பரம் பகுதிகளின் புயல், வெள்ள எச்சரிக்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

நம் மாவட்டத்தின் நிலை

கடலூர் மாவட்டம் பல ஆறுகள் கடலோடு கலக்கும் தாழ்ந்த நிலம். வடக்கே தென்பெண்ணையும் கெடிலமும், நடுவே பரவனாறும் வெள்ளாறும், தெற்கெல்லையில் கொள்ளிடமும் பாய்கின்றன. மேற்கே பெய்யும் மழையும், அணைகளில் திறந்துவிடும் நீரும் நம்மை வந்தடைந்தே கடலுக்குச் செல்கின்றன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருமழை. 2018ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் கொள்ளிடப் பெருக்கு சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள கரையூர்களில் புகுந்தது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ‘ஃபெஞ்சல்’ புயல் மழையினால் சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய பெருநீர் தென்பெண்ணை வழியே வந்து, கடலூரின் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது.

2004ஆம் ஆண்டு அலை முன்னறிவிப்பின்றி வந்தது. பிற்பாடு நிலைமை மாறிவிட்டது. ஐதராபாத்தில் 2007ஆம் ஆண்டு முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. புயலைப் பற்றி வானிலைத் துறை 72 மணி, 48 மணி, 24 மணி, 12 மணி என்று படிப்படியாக முன்னறிவிக்கிறது. ஆகவே செய்தி மாவட்டத் தலைநகர் வரை வந்து சேர்வதில் இன்று பெருங்குறையில்லை. அங்கிருந்து வாய்க்காலுக்கு அப்பாலுள்ள கடைசி வீடு வரை செல்லும் வழியே நாம் செப்பனிட வேண்டிய வழி.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது நேர்ந்ததைக் கூறுகிறேன். ஆற்றில் நீர் மிகுதியாக வரும் என்ற செய்தி முற்பகலில் கிடைத்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை உடனே அனுப்பினேன். அது பெரிய தெருவில் இருமுறை சென்று திரும்பியது. ‘எச்சரிக்கை செய்யப்பட்டது’ என்று மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதிவிட்டேன்.

மாலையில் நீர் ஏறியபோது, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த ஒரு குடியிருப்பில் பதினைந்து குடும்பங்கள் வீட்டிலேயே இருந்தன. ஆட்டோ செல்லும் அகலம் அந்தப் பாலத்துக்கு இல்லை. ஓசை மட்டும் காற்றில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. இரவில் அவர்களைப் படகில் மீட்டோம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு மூதாட்டியின் கறவை மாடுகள் இரண்டும் போய்விட்டன. “போகச் சொன்னது காதில் விழுந்தது ஐயா. மாட்டை எங்கே கட்டுவது என்று யாரும் சொல்லவில்லையே!” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பிழை ஆட்டோ ஓட்டியவருடையதன்று; வேலையைத் திட்டமிடாத என்னுடையது.

வேலையைப் பகுத்தல்

பெரிய வேலைகளைத் திட்டமிட்டு நடத்துவதற்கு உலகில் நல்ல முறைகள் வளர்ந்துள்ளன. அமெரிக்கக் கடற்படையினர் 1958இல் ‘பொலாரிஸ்’ ஏவுகணைத் திட்டத்துக்காகப் ‘பெர்ட்’ என்னும் முறையை வகுத்தனர். அதன் சாரம் எளியது. பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிக்க வேண்டும். எதற்குப் பின் எது, எதனோடு எது உடன் நடக்கலாம் என்று வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வரிசைகளுள் மிக நீண்ட வரிசை எதுவோ, அதுவே முழு வேலையின் காலத்தைத் தீர்மானிக்கும். நாற்றங்கால் விடுவதிலிருந்து நாள் எண்ணி நடவுக்கு ஆள் சொல்லும் உழவருக்கு இது புதிய பாடமன்று.

வேலையைப் பகுத்தபின் ஆளையும் பகுக்க வேண்டும். வங்காள தேசத்தில் 1970ஆம் ஆண்டுப் புயலில் 3 லட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். அதன்பின் 1972இல் அங்குப் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊர் ஊராகத் தொண்டர்கள் பழக்கப்பட்டனர். கையொலிபெருக்கியும் கொடியும் கொண்டு தத்தம் பகுதியில் அறிவிக்கும் பொறுப்பு அவர்களிடம் விடப்பட்டது. புகலிடங்களும் பெருகின. 2007இல் ‘சிதர்’ என்னும் கடும்புயல் தாக்கியபோது மாண்டவர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே, எனினும் முன்னதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

காலத்தைப் பின்னிருந்து எண்ணுதல்

ஒரு கணக்கைப் பார்ப்போம். 400 வீடுகள் கொண்ட ஒரு கரையூர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வீட்டுக்குச் சென்று செய்தி சொல்லி, ஐயம் தீர்த்து வர 5 நிமிடம் ஆகும். ஒருவரே எல்லா வீட்டுக்கும் செல்வதானால் 2,000 நிமிடம், அதாவது 33 மணிக்கு மேல் ஆகும். வெள்ளம் அதுவரை காத்திராது. 20 பேர் ஆளுக்கு 20 வீடு என்று பிரித்துக்கொண்டால் 100 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கடைசி வீட்டார் செய்தி கேட்டது முதல் பொருள்களைக் கட்டி எடுக்க 1 மணி. மாடுகன்றுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்ல 2 மணி. ஆக மொத்தம் 4 மணி 40 நிமிடம். இதே நேரத்தில் வேறு சிலர் பள்ளிக்கூடத்தைத் திறந்து, துப்புரவு செய்து, விளக்கும் குடிநீரும் அமைக்கலாம். அதற்கு 2 மணி போதுமென்றால், உடன் தொடங்கினால் அது தடையாகாது.

நீர் மாலை 6 மணிக்கு வருமெனில், பிற்பகல் 1.20க்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். எதிர்பாராத தடைக்கென 1 மணி ஒதுக்கினால் 12.20. ஆனால் கால்நடைகளை முதல் எச்சரிக்கை வந்ததுமே முந்திய நாளில் அப்புறப்படுத்திவிட்டால், மறுநாள் வேலை 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிடும். காகிதத்தில் கணக்கிட்டதனால் இரண்டு மணி நேரம் நமக்கு மிச்சமாகிறது. அம்மூதாட்டியின் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. மாட்டை எங்கே கட்டுவது என்பது கடைசியில் நினைக்கத்தக்கதன்று, முதலில் தீர்மானிக்கத்தக்கது.

பூட்டிய கதவு

ஒவ்வொரு சிறு வேலைக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்க வேண்டும். ‘ஊராட்சி செய்யும்’ என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அங்கு ஒலிபெருக்கியும் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு, தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் வெளியேறி உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைத் தருகிறது. நாள்தோறும் பழகிய ஒலிபெருக்கி ஆபத்துக் காலத்தில் நம்பத்தக்கதாயிற்று. மற்றொன்று, கதவை உடைக்க நேர்ந்தது. நல்வாய்ப்பாக உடைக்கத் துணிந்தவர்கள் இருந்தனர். நம் ஊரில் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது? விடுமுறை நாளில் அவர் எங்கே இருப்பார்? மறு சாவி யாரிடம்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

சொல்லும் சொல்

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நாம் அறிவோம். 1, 2 எண்கள் தொலைவிலுள்ள நிலைமையைக் குறிப்பன. 3, 4 எண்கள் துறைமுகத்துக்கு ஏற்படக்கூடிய மோசமான வானிலையைக் குறிப்பன. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 செய்தித் தொடர்பு அற்றுப்போனதைக் காட்டுவது. இவை கப்பல்களுக்காக ஏற்பட்ட குறியீடுகள். உழவருக்கு ‘ஏழாம் எண் கூண்டு’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? “இன்று மாலை 4 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குச் சென்றுவிடுங்கள், மாட்டைக் கோயில் மேட்டில் கட்டுங்கள், குடும்ப அட்டையும் மருந்தும் கையில் இருக்கட்டும்” என்று சொன்னால் செய்வார். எப்போது, எங்கே, எதனோடு என்ற மூன்றும் செய்தியில் இருத்தல் வேண்டும்.

எச்சரிக்கையைப் போலவே அதை நீக்கும் அறிவிப்பும் வேலையின் பகுதியாகும். 2004 டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை வருவதாக எழுந்த எச்சரிக்கையினால் கடற்கரை மக்கள் கலங்கி ஓடினர், அலை வரவில்லை. தவறிய எச்சரிக்கைக்கு உடனே விளக்கம் தராவிட்டால் அடுத்த எச்சரிக்கையை மக்கள் நம்பார். ஆகையால் ஊருக்கு அதிகாரபூர்வமாகச் செய்தி சொல்பவர் ஒருவர், அவர் இல்லாதபோது சொல்பவர் ஒருவர் என்று குறித்துவிடுதல் நலம். ஐயம் எழுந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் கேட்டுத் தெளியலாம்.

தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவுறுத்தியது. மனிதனின் மதிப்பைக் காக்கும் நல்ல மாற்றம் அது. எனினும் வண்டி நுழையாத சந்துக்குக் கால்நடையாகச் செல்லும் ஆளையும் குறித்தல் வேண்டும். காது கேளாதவர், தனித்து வாழும் முதியோர், கருவுற்ற தாய்மார் ஆகியோரின் வீடுகளைத் தனியே பட்டியலிட வேண்டும்.

அளந்து பார்த்தல்

இனி அளவுப் புத்தகத்துக்கு வருவோம். 20 வீட்டுக்குப் பொறுப்பானவர் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ‘சொன்னேன்’ என்று ஒரு குறியும், ‘சென்றுவிட்டனர்’ என்று மற்றொரு குறியும் இட வேண்டும். இரண்டாம் குறியே கணக்கில் சேரும். குறியில்லாத வீட்டுக்கு மீண்டும் ஆள் செல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் இரண்டாம் குறி விழும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தினால் நம் மதிப்பீட்டில் 5 நிமிடம் என்றது 8 நிமிடமாவது தெரியவரும். அப்பொழுது 20 பேருக்குப் பதில் 32 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊராட்சி செய்யத்தக்கது

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. கொள்ளிடக் கரையூர்கள், மேட்டூரில் நீர் திறக்கும் பருவத்துக்கு முன்னதாக மே 1ஆம் நாள் கிராம சபையிலும், கடற்கரை ஊர்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையிலும் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்கலாம். தலைவரோ தனி அலுவலரோ ஒரே ஒரு தாளைச் சபையின் முன் படிக்க வேண்டும். அதில் குடியிருப்புகளின் பெயர், வீட்டெண்ணிக்கை, பொறுப்பாளர், சாவி வைத்திருப்பவர், கால்நடைக்கான மேடு, வேலை தொடங்கும் நேரம் ஆகிய ஆறும் இருந்தால் போதும். விடுபட்ட குடியிருப்பு எது என்று சபையோரே எடுத்துச் சொல்லுவர்.

இம்முறை புயலுக்கு மட்டும் உரியதன்று. தடுப்பூசி முகாமோ, பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளோ, கிராம சபைக் கூட்டமோ, எதை அறிவிப்பதானாலும் இதே முறை பயன்படும். அன்றாடச் செய்தி கடைசி வீட்டுக்கு ஒழுங்காகச் செல்லும் ஊரில்தான் ஆபத்துச் செய்தியும் ஒழுங்காகச் செல்லும்.

நான் இப்போது எந்த ஊராட்சிக்குச் சென்றாலும், சாலையைப் பார்ப்பதற்கு முன் வாய்க்காலுக்கு அப்பால் எத்தனை வீடுகள் என்று கேட்கிறேன். உறுப்பினர்களும் தத்தம் வார்டில் இக்கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக.