மரப்படிக்கு ஆள் வைக்கும்போது

பழைய வீட்டுத் தேக்குப் படிக்கட்டு கிறீச்சிட்டால் நேராகப் பாலிஷ்காரரைக் கூப்பிட வேண்டாம். முதலில் வர வேண்டியவர் தச்சர். ஆடும் கைப்பிடி, தளர்ந்த பொருத்து, கறையான் அரித்த படி எல்லாம் சரியான பிறகுதான் பாலிஷ்.

தச்சர் வந்ததும் கைப்பிடியின் அடித்தூணை ஆட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பார்க்காமலே "நாலு ஆணி அடிச்சா நின்னுடும்" என்பவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். ஆணி மறுபடி தளரும், காய்ந்த மரம் பிளக்கவும் செய்யும். பொருத்தைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசையிட்டு இறுக்குபவரே வேண்டும்.

கூலியைப் படிக்குச் சதுர அடி, கைப்பிடிக்கு நீள அடி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எத்தனை கோட், பொருள் யார் வாங்குவது என்பதும் அதில் இருக்கட்டும். மிதிபடும் படிக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங் தாங்கும், மேட் ஃபினிஷ் போதும், பளபளப்பில் கீறல் பளிச்சென்று தெரியும். கண்ணில் படாத மூலையில் நிறம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலையா? பெயின்ட்டில் ஈயத்துக்கான 90 பிபிஎம் வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகமாக இருக்கலாம்; உலர்வாக உப்புத்தாள் தேய்த்தால் அந்த ஈயத் தூசி வீடெங்கும் பரவும். ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையை வைக்காதீர்கள். ஈரக்காற்றில் சில பாலிஷ் வெளுத்துவிடும். மாடிக்கு வேறு வழியில்லை என்றால் ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசச் சொல்லுங்கள், ஏறி இறங்கலாம்.