கஞ்சா: சட்டம் மாறினால் ஹுக்மு மாறுமா?

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்ததும் நம்மைத் தேடி வந்தார். பட்டுத்தறிதான் அவருக்குப் பிழைப்பு. கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் அமர்ந்து கரைக்குக் கைகொடுத்து வந்த மகன், இப்போது ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். வயது இருபது. துவைக்க எடுத்த அவன் சட்டையில் தாயார் ஒரு பொட்டலத்தைக் கண்டெடுத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் கஞ்சா!

"ஹஜ்ரத், பொட்டலத்தை வேகவதி ஆற்றில் எறிந்துவிட்டேன். அவனை அடிக்கவும் அடித்தேன். 'வீட்டை விட்டுப் போடா' என்றும் சொல்லிவிட்டேன். அதற்கு அவன், 'அத்தா, மார்க்கத்தில் சாராயத்தைத்தானே தடுத்திருக்கிறது? இது செடிதானே? கனடாவிலும் ஜெர்மனியிலும் சர்க்காரே அனுமதித்துவிட்டது. ஐ.நா. சபையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது' என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்று கண் கலங்கினார்.

அந்தப் பெரியவரிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. பிள்ளை சொல்லும் வாதம் சரியா என்பது ஒன்று. இதை மறைப்பதா, வெளியிடுவதா என்பது மற்றொன்று. இன்று எத்தனையோ வீடுகளில் இவ்விரு கேள்விகளும் கதவடைத்து அழுதுகொண்டிருப்பதால், அவருடைய சம்மதம் பெற்று, ஆள் அடையாளம் இன்றி, விடையை இங்கே எழுதுகிறோம்.

வெளிநாடுகளில் நடந்தது என்ன?

பிள்ளை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் ஆளை வழிகெடுக்கும். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் வயது வந்தோர் கஞ்சா வாங்கவும் வைத்திருக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தவர் வெளியில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம். ஆனால் இவ்விரு நாடுகளும் கஞ்சாவை நல்ல பொருள் என்று பாராட்டி இதைச் செய்யவில்லை. கள்ளச் சந்தையின் கையிலிருந்து வியாபாரத்தைப் பறிக்கவும், புகைப்பவரைச் சிறையில் அடைக்காதிருக்கவும்தான் இந்த ஏற்பாடு. சிறுவர்களுக்கு விற்பது அங்கேயும் குற்றமே.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக்கூடாது என்று அந்த நாடே கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஐ.நா. விஷயத்துக்கு வருவோம். 2020 டிசம்பர் 2ஆம் தேதி ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் வாக்கெடுத்து, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை எடுத்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி திறப்பதே இதன் நோக்கம். கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் முதல் அட்டவணையில் கஞ்சா இன்றும் இருக்கிறது. "பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்" என்பது முழு உண்மையல்ல.

மறுபக்கத்தையும் பிள்ளைகள் அறியட்டும். நம் மக்கள் பிழைப்புத் தேடிப் போகும் சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்ததாக, 2023 ஏப்ரலில் தமிழர் ஒருவரே அங்கு தூக்கிலிடப்பட்டார்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் போதைப்பொருள் சட்டம் 1985ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. செடியின் பூக்கும் காய்க்கும் நுனிகளைக் கஞ்சா என்றும், பிசினைச் சரஸ் என்றும் அது கூறுகிறது. நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் அந்தச் சட்டத்தின் வரையறையில் வராது. ஆகவேதான் வடக்கே சில மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் நடக்கின்றன. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அந்த இலையையும் போதைப்பொருள் என்றே சொல்கிறது.

"ஒரு கிலோ வரை வைத்திருந்தால் குற்றமில்லை" என்று வாலிபர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. இது சுத்தத் தவறு. ஒரு கிலோ என்பது தண்டனையின் அளவைப் பிரிக்கும் கோடு. அதற்கு உட்பட்ட அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை, பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. அது இருபதாண்டு வரை போகலாம். ஜாமீன் கிடைப்பதும் மிக அரிது. புகைத்ததற்கு மட்டுமே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

சிறுவர்களைப் பை தூக்க வைப்பவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை இருக்கிறது. "இந்தப் பையைக் கொஞ்சம் அங்கே கொடுத்துவிட்டு வா" என்று பழகிய முகம் சொன்னாலும், உள்ளே என்ன என்று கேட்காமல் தொடக்கூடாது எனப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளருங்கள். வண்டியை இரவல் கொடுப்போரும் கவனிக்கவும்: கஞ்சா ஏற்றிய வண்டி பறிமுதலுக்குரியது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும், தக்க எச்சரிக்கையோடு இருந்ததையும் நிரூபிக்கும் பொறுப்பு வண்டிக்காரரையே சேரும்.

ஷரீஅத்தின் தீர்ப்பு

இனி மஸ்அலாவுக்கு வருவோம். திருமறையில் கஞ்சாவின் பெயர் இல்லை என்பது மெய்தான். ஆனால் ஷரீஅத் பொருளின் பெயரைப் பார்த்துத் தடுப்பதில்லை. காரணத்தைப் பார்த்தே தடுக்கிறது. அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். போதை தருவது ஒவ்வொன்றும் மதுவின் இனமே, அது ஹராமே என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பாக முஸ்லிம் ஷரீஃபில் வந்திருக்கிறது. அதிகமாய் உட்கொண்டால் போதை தருவதில் கொஞ்சமும் ஹராம் என்பதை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்திருக்கிறார்கள். "கொஞ்சந்தானே!" என்பவருக்கு இதுவே பதில்.

ஹஷீஷ் எனப்படும் கஞ்சா முஸ்லிம் நாடுகளில் பரவியது நான்கு மத்ஹபுகளின் இமாம்களது காலத்துக்கு மிகவும் பிந்தியே. பரவியவுடன் பிந்திய இமாம்கள் ஆராய்ந்து தீர்ப்பளித்தார்கள். ஹிஜ்ரி 684இல் வஃபாத்தான இமாம் கராஃபீ அவர்கள், அது ஹராம் என்பதில் உலமாக்களின் ஒருமித்த முடிவு இருப்பதை எடுத்துரைத்தார்கள். ஹிஜ்ரி 794இல் வஃபாத்தான இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனி நூல் இயற்றினார்கள். அதை மது போன்ற போதை என்பதா, அறிவைக் கெடுக்கும் பொருள் என்பதா என்பதிலும், அது நஜீஸா, தண்டனை எது என்பதிலும்தான் பேச்சு வேறுபட்டது. திடப்பொருளாதலால் நஜீஸ் அல்ல, ஹத்து அல்ல தஃஸீரே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல். ஹராம் என்பதில் வேறுபாடு இல்லை.

அப்படியானால் சர்க்கார் அனுமதித்தால்? இதற்கு ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டில் 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் கடைகளில் மது விற்கிறது. அதனால் மது ஹலாலாகிவிட்டது என்று எந்த முஸ்லிம் வீட்டிலாவது சொன்னதுண்டா? இல்லையே! சர்க்கார் விற்கும் மதுவுக்கு ஒரு சட்டம், அயல்நாட்டார் அனுமதித்த கஞ்சாவுக்கு வேறு சட்டமா? பெர்லினில் சட்டப் புத்தகத்தின் வரி மாறலாம். அந்தப் புகை மூளையில் செய்யும் வேலை மாறவில்லை. காரணம் இருக்கும்வரை ஹுக்மும் இருக்கும். சட்டம் விட்டுவைத்த பாங்கு இலைக்கும் இதுவே தீர்ப்பு. இளவயதில் தொடர்ந்து புகைப்பவருக்கு ஞாபகம் மங்குவதையும், சித்தம் கலங்கும் ஆபத்து கூடுவதையும் வைத்தியர்கள் சொல்லி வருகிறார்கள். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பது இறைவனின் கட்டளையல்லவா?

மருந்தும் விதையும் நாரும்

ஹராமைச் சொல்லும்போது ஹலாலை ஹராமாக்கிவிடவும் கூடாது. கெட்டுப்போன உறுப்பை அறுக்கும்போது உணர்வை மரக்கச் செய்யும் பொருளைக் கொடுக்கலாம் என்று நம் ஃபுகஹாக்கள் முன்னமே எழுதியிருக்கிறார்கள். ஆகவே தேர்ந்த வைத்தியர், வேறு வழியின்றி, சட்டப்படி எழுதிக் கொடுக்கும் மருந்து நிர்ப்பந்தத்தின் பாற்பட்டது. தானாக வைத்தியம் செய்துகொள்வதற்கு இது சாட்டாகாது.

விதையில் போதை இல்லை. 2021இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் வரம்பிட்டு உணவாக அனுமதித்தது. திராட்சை ஹலால், அதன் மது ஹராம் என்பது போன்றதே இது. நாருக்காகப் போதைச்சத்து மிகக் குறைந்த செடியைப் பயிரிட உத்தராகண்ட் மாநிலம் 2018இல் உரிமம் கொடுத்தது. அந்த நாரில் நெய்த துணியை உடுத்துவதும் விற்பதும் ஆகும். நம் வயல்களில் தழையுரத்துக்கு விதைக்கும் சணப்பு முற்றிலும் வேறு செடி என்பதையும் அறிக.

மறைப்பதா, வெளியிடுவதா?

இப்போது அந்தத் தகப்பனாரின் இரண்டாவது கேள்வி. முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைக்கிறான் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஆகவே பிள்ளையின் தவறைத் தெருவில் பேசத் தேவையில்லை. ஜமாஅத்தாரும் அதைத் துருவித் துருவிக் கேட்கலாகாது. ஆனால் மறைப்பது வேறு, கண்டும் காணாமல் விடுவது வேறு. அநியாயக்காரச் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்றும், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மகன் விற்றுக் கொண்டுவரும் பணம் என்று தெரிந்தும் தாயார் முந்தானையில் முடிந்து வைத்தால் அது மறைப்பல்ல, பாவத்தில் பங்கு! விற்பவன் பிறர் பிள்ளைகளைக் கெடுக்கிறான். அவனுக்குத் திரை போட யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டை விட்டுத் துரத்துவதும் சரியல்ல. மது குடித்ததற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்ட ஒருவரை, கூட்டத்தில் ஒருவர் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இது புகாரீ ஷரீஃபில் இருக்கிறது. தண்டனையும் நின்றது, அன்பும் நின்றது. துரத்தப்பட்ட பிள்ளைக்கு இரவில் இடம் கொடுப்பவன் யார்? பொட்டலம் கொடுத்தவனே!

நம் நாட்டுச் சட்டமும் இங்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியார். அச்சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர், புகைத்த குற்றமோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றமோ சாட்டப்பட்டிருந்தாலும், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அதற்காக வழக்குத் தொடரப்படமாட்டார். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. 14446 என்ற இலவச எண்ணில் வீட்டிலிருந்தபடியே ஆலோசனை கேட்கலாம். தவ்பாவின் கதவும் அவ்வாறே திறந்திருக்கிறது. அங்கேயும் தானாக வர வேண்டும், பாதியில் திரும்பலாகாது!

அந்தப் பெரியவருக்கு நாம் சொன்னது இதுதான்: "பாய், அடித்தது போதும். பையனை நீங்களே கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே காத்திருங்கள். திரும்பும்போது உபதேசம் செய்யாதீர்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள் மகளைப் பற்றிக் கேட்டால் மகளைப் பற்றிச் சொல்லுங்கள். மகனைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சிகிச்சையில் இருக்கிறான் என்று சொல்லுங்கள்."

இதை எழுதும்போது ஐந்து வாரங்கள் ஆகின்றன. பையன் ஒருவாரம் போகாமல் நின்றான். மறுவாரம் தகப்பனாரே வேலையை நிறுத்திவிட்டுக் கூடப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி தறியருகே வந்து உட்காருகிறான் என்று கேள்விப்பட்டோம். அறுந்த இழையைக் கண்டதும் நெசவாளி பாவையே வெட்டி எறிவதில்லை. நின்று, தேடி, முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பானாக! தவறியவர்களுக்குத் திரும்பும் பாக்கியத்தையும், பெற்றோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!