உருகிய உப்பும் ஒளிக்கலமும்

நிலாவெளி உப்பளத்து உப்பை அறியாதார் எம் கப்பல்துறைப் பகுதியில் இலர். அவ்வுப்பு உருக 801 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அறை வெப்பத்திலேயே நீர்மமாய் நிற்கும் உப்புகளும் உள. காரணம் எளிது. கறியுப்பின் அயன்கள் சிறியன. நெருங்கி அடுங்கி ஒன்றையொன்று இறுகப் பற்றுவன. இவ்வுப்புகளின் நேரயன்களோ பெரியன, ஒழுங்கில் வடிவின. ஆதலின் பற்றுத் தளரும்.

இதன் பயனை ஒளிக்கலத்திற் காண்போம். 1991 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் ஓரேகனும் கிரெற்செலும் சாயமூட்டிய கலமொன்றை ஆக்கினர். சாயம் ஒளியை ஏற்று, இலத்திரனைத் தைத்தானியமீரொட்சைட்டுக்கு ஈயும். அவ்விலத்திரன் புறச்சுற்றில் ஓடும். சாயம் இழந்ததை மின்பகுபொருளிலுள்ள அயடைட்டு ஈடுசெய்யும். மின்பகுபொருளின் கரைப்பான் ஆவியாகிக் கசியின் கலம் கெடும். எனவே 1996 இல் கிரெற்செல் குழுவினர் உருகிய உப்பை இட்டனர். அஃது எளிதில் ஆவியாகாது. எனினும் அது பாகுத்தன்மை மிக்கது. அயன்கள் மெல்ல நகர்தலின் மின்வலு குறையும்.

அதற்கு முந்திய ஆண்டே, கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துப் பேராசிரியர் கீர்த்தி தென்னகோனும் துணைவரும் நீர்மத்தை நீக்கிச் செப்பு அயடைட்டுத் திண்மத்தை இட்டுக் கலமொன்று அமைத்தனர். அதற்கும் நிலைபேறு குறைவே. ஆயினும் இவ்வினாவிற்கு விடை தேடியோருள் நம் நாட்டினரும் உளர் என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

வெயிலும் உப்பும் எம்மூரிற் குறைவில. கறியுப்பு ஏன் எளிதில் உருகுவதில்லை என வினவும் மாணவனையே யாம் வேண்டுகிறோம்.