காய்ச்சல் விடும் நாள்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னதில் பாதி உன் காதில் ஏறியிருக்காது, அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்கு டெங்கு என்றதும் உன் மாமியார் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்கிறார். வீட்டிலேயே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதே சரி. அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் வாந்தியில்லாமல் இறங்கும்வரை வீடு போதும். டாக்டர் எடை பார்த்து எழுதிய பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். புரூபென், ஆஸ்பிரின், டைக்ளோபினாக் ஊசி எதுவும் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

எனக்குப் பயம் காய்ச்சல் அடிக்கும் நாளில் இல்லை, விடும் நாளில்தான். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும். நீயும் நிம்மதியாகச் சம்பா நடவுக்குக் கிளம்பிவிடுவாய். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பதும் அப்போதுதான். அடுத்த இரண்டு நாள் அவன் பக்கத்திலேயே இரு. சிறுநீர் போன நேரத்தைக் காலண்டர் தாளில் குறித்து வை. ஆறு மணி நேரம் போகவில்லை, வயிறு விடாமல் வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டிருக்கிறது, எழுப்பினால் சோர்ந்து விழுகிறான் – இதில் ஒன்று போதும். விடியட்டும் என்று பார்க்காதே, பஸ்ஸுக்கும் நிற்காதே. 108-ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ.

நிலவேம்புக் குடிநீரை 2012-ல் அரசாங்கமே ஊர் ஊராகக் கொடுத்தது. எனக்கு அதன்மேல் விரோதமில்லை. ஆனால் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டி அவன் வாந்தியெடுத்தால், அது நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று யார் சொல்வது?

பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டு அலறாதே. ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டும் 'பிசிவி' எவ்வளவு என்றும் டாக்டரிடம் கேள். எண்ணிக்கை குறைந்தும் சிறுநீர் நன்றாகப் போய்த் தெளிவாகப் பேசுகிற பிள்ளைகள் பெரும்பாலும் தானாகத் தேறிவிடுவார்கள்.

பகலிலும் அவனைக் கொசுவலைக்குள் படுக்க வை. அவனைக் கடித்த கொசு பின்னால் அவன் தங்கச்சியைக் கடிக்கும். கொல்லையில் கிடக்கும் பழைய டயரையும் கவிழ்க்காத வாளியையும் இன்றைக்கே காலி பண்ணு.

நடவு ஆட்களைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பெரியம்மா