டாட் காமா, டாட் இன்னா? நம்ம இணையதளத்துக்குப் பெயர் வைப்போம்



நம்ம கூட்டமைப்புக்கு ஒரு இணையதளம் வேணும்னு பல குழுக்கள் கேட்டிருக்கீங்க. பயிற்சித் தேதி, கடன் திட்டம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கான உதவி எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். விற்பனை இல்லை, தகவல் மட்டும்தான். இதற்கு முதல் வேலை பெயர் வைப்பது. அந்தப் பெயர் எப்படி முடிய வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கடைசிப் பகுதி எதற்கு?

தபாலில் எந்த ஊர் என்பதைக் கடைசி வரியில் உள்ள மாவட்டமும் பின்கோடும் சொல்லும். இணையதளப் பெயரும் அப்படித்தான். காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தின் தளம் 'டாட் நிக் டாட் இன்' என்று முடியும். தமிழக அரசின் தளம் 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். இவை அரசுக்கு மட்டுமே கிடைக்கும்.

என்னென்ன வகை இருக்கு?

1. டாட் காம்: 1985-ல் வந்தது. வியாபாரத்துக்கென்று தொடங்கியது, இப்போ யாரும் வாங்கலாம்.

2. டாட் ஆர்க்: தொண்டு அமைப்புகள் அதிகம் வைப்பது. ஆனால் இதையும் யாரும் வாங்கலாம். 'ஆர்க்' என்று இருப்பதாலேயே நல்ல நிறுவனம் என்று நம்பிவிடக் கூடாது.

3. டாட் இன்: இந்தியாவுக்கு உரியது. 2005 முதல் நிக்சி என்ற அமைப்பு இதை நிர்வகிக்கிறது.

4. டாட் இந்தியா: தமிழ் எழுத்திலேயே எழுதலாம். இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட இப்படித் தமிழில் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் தமிழில் டைப் செய்யத் தெரியாதவருக்குச் சிரமம்.

5. இலவசப் பெயர்கள்: நியூசிலாந்தைச் சேர்ந்த டோக்கலாவ் என்ற சின்னத் தீவுகளின் 'டாட் டிகே' பெயரை ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. மோசடிக்காரர்கள் நிறையப் பயன்படுத்தினார்கள். வழக்கு வந்தது. 2024-ல் அந்த நிறுவனம் இந்தத் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. இலவசம் என்று போனால் பெயரும் போகும், நம்பிக்கையும் போகும்.

நமக்கு எது நல்லது?

போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியா எழுதணும். அந்த வகையில் 'டாட் இன்' சுருக்கமானது, நம்ம நாட்டுக்குரியது. நிதி இருந்தால் அதே பெயரில் 'டாட் இந்தியா'வும் வாங்கி முதல் தளத்தோடு இணைக்கலாம்.

வாங்கும்போது கவனிங்க

* பெயரைக் கூட்டமைப்பின் பெயரில் பதிவு செய்யணும். தளம் செய்து தரும் தம்பியின் பெயரில் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனால் பெயரும் அவரோடு போய்விடும்.
* முதல் வருடம் சலுகை விலை இருக்கும். அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்க.
* பாஸ்வேர்டு இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.

புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்? பெயரை வேறு யாரும் வாங்கலாம். நம்ம நோட்டீஸில் அச்சடித்த முகவரியை நம்பிப் போகும் உறுப்பினரிடம் யாரோ ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். அவர் நம்மளைத்தானே நம்பிக் கொடுப்பார்?

இன்னொன்றும் தெரிஞ்சுக்குங்க

வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். கடன் தருகிறோம் என்று வரும் மெசேஜில் வங்கிப் பெயர் நடுவில் இருந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் தொடாதீங்க. கம்பெனி வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் தளத்தையும் அப்படியே விடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்க.

குழுக் கூட்டத்தில் பேசுங்க

1. நம்ம தளத்துக்கு என்ன பெயர்? போனில் சொல்லிப் பார்த்தீங்களா?
2. வருடா வருடம் புதுப்பிக்கும் பொறுப்பு யாருக்கு?
3. உங்க போனில் வந்த ஒரு லிங்கை எடுத்து, திறக்காமலே அதன் கடைசிப் பகுதியைப் படிக்க முடியுதா?

முடிவைத் தீர்மானமாக எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.