உடன் பயில்வோனிடம் சினங்காத்தல்



விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி சாலையை அடுத்த நமது குடியிருப்பில், மாலை வேளைகளில் வாலிபர்கள் சிலம்பம் பழகி வருவதை நீங்கள் அறிவீர்கள். அண்மையில் அக்களத்தில் ஒரு சம்பவம் நேர்ந்தது. ஜோடியாகப் பழகிய நண்பர் இருவருள் ஒருவனுடைய கம்பு மற்றவனுடைய முழங்கையில் பட்டது. அடிபட்டவன் சற்று வேகமாகத் திருப்பியடித்தான். முன்னவன் அதனினும் வேகமாக அடித்தான். நாலைந்து வீச்சுக்குள் பயிற்சி சண்டையாயிற்று. வாய்ச்சொல் தடித்தது. இருவரும் கம்புகளை எறிந்துவிட்டு வெளியேறினர்.

பெருங்காயம் ஒன்றுமில்லை. ஆயினும் அன்றுதொட்டு இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அவர்களுள் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்தனைக்கும் வருவதை நிறுத்திவிட்டான். அவன் தாயார் நம்மிடம் வந்து, "ஐயா, பஞ்சசீலம் எடுத்துக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கம்பு எதற்கு? நிறுத்திவிடச் சொல்லுங்கள்" என்றார். இப்பாடம் அத்தாயாருக்கு விடையாகவும், அவ்விரு வாலிபர்களுக்கு வேண்டுகோளாகவும் எழுதப்படுகிறது.

கம்பு குற்றவாளியா?

சினம் கம்பிலிருந்து பிறக்கிறதா என்பதை முதலில் ஆராய்வோம். மஜ்ஜிம நிகாயத்தில், இரம்ப உவமையைக் கூறும் சூத்திரத்தில், பகவான் ஒரு வரலாறு சொல்கிறார். சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் இல்லத்தரசி ஒருத்தி இருந்தாள். சாந்தமானவள் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவள். அவளிடம் வேலை செய்த காளி என்னும் அடிமைப்பெண், 'நம் எசமானிக்கு உள்ளே கோபம் இல்லையா, அல்லது நான் வேலையைச் சரியாகச் செய்வதால் அது வெளிப்படவில்லையா?' என்று ஐயுற்றாள். சோதிப்பதற்காக நாள்தோறும் தாமதித்து எழுந்தாள். மூன்றாம் முறை வேதேகிகை கதவின் தாழ்க்கட்டையை எடுத்து அவள் மண்டையை உடைத்தாள்.

அவ்வீட்டில் சிலம்பம் பழகினார் எவருமில்லை. கோபம் இருந்தது, கைக்கு எட்டியது கட்டையாயிற்று. ஆகையால், அம்மா, கம்பை ஒளித்துவைப்பதால் உங்கள் மகனுடைய சினம் ஒளியாது. அது எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்று அவன் கண்டுகொள்வதற்குக் களத்தைப் போன்ற இடம் வேறில்லை.

இனி, பௌத்தன் தற்காப்பு பழகலாமா என்னும் கேள்வி. போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள், தமது மறைவுக்குப்பின் 1957-ஆம் ஆண்டு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் அவசியம் வேறு எனப் பிரித்துக் காட்டுகிறார். அகிம்சையை ஆராயாது பின்பற்றும் விதியாகக் கொள்ளாமல், சிந்தித்து நடக்கும் தத்துவமாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் விளக்கம்.

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நமக்கு அருகே சங்கம்வாடியில் லஹுஜி வஸ்தாத் சால்வே அவர்களின் சமாதி உள்ளது. ஒடுக்கப்பட்ட மாதங் சமூகத்தில் பிறந்த அவர் (1794-1881) புனே நகரில் தாலீம் நடத்தி வாலிபர்களுக்கு மற்போரும் ஆயுதப் பயிற்சியும் கற்பித்தார். மகாத்மா ஜோதிராவ் புலே அவரிடம் பயின்றவர். 1848-ஆம் ஆண்டு புலே தம்பதியர் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது, பாடம் சொல்லப்போன சாவித்திரிபாய் மீது வழியில் சேறும் சாணமும் எறிந்தார்கள். அப்பணிக்குத் துணை நின்றவர்களுள் லஹுஜி ஒருவர். தாலீமில் வளர்ந்த வலிமை, கல்வி கற்கப் போகும் பெண்களுக்குக் காவலாயிற்று என்பதை வாலிபர்கள் கவனிப்பார்களாக. காவலுக்காகக் கற்பதை உடன் பயிலும் தோழன் மேலேயே வீசினால் கற்றதன் நோக்கம் என்னாவது?

நமது பிழை

பிறர்க்கு உபதேசிக்குமுன் நம் பிழையைச் சொல்லிவிடுவது முறை.

1990-களில் நாம் கோவையில் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்துவந்தோம். ஷிப்டு முடிந்தபின் ஒரு வாத்தியாரிடம் சிலம்பம் பழகினோம். ஆலையில் அடுத்த இயந்திரத்தைப் பார்த்த தோழரே களத்தில் நமக்கு ஜோடி. ஒரு நாள் காலை வேலையிடத்தில் எங்களுக்குள் சிறு வாக்குவாதம். மாலையில் அவருடைய கம்பு நம் விரற்கணுவில் பட்டது. 'வேண்டுமென்றே அடித்தான்' என்றது மனம். 'அவன் கொடுத்த அளவைத்தானே திருப்பிக் கொடுக்கிறோம்' என்று எண்ணிக்கொண்டே வீசினோம். அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் முறிந்தது.

நூற்பாலைத் தொழிலாளிக்கு விரல் எத்தகையது என்பதை ஆலை வேலை அறிந்தவர் அறிவர். ஓடிக்கொண்டிருக்கும் கதிரில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவது விரல் நுனியின் வேலை. ஏழு வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. நிரந்தரமாகாத ஆள், வராத நாளுக்குக் கூலியில்லை. அவர் மனைவி கைக்குழந்தையோடு நம் வாசல் வழியே போவார். ஒருநாளும் நம்மைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

எட்டாம் நாள் துணிவு வந்து அவர் வீட்டுக்குப் போனோம். அவர் நம்மைப் பார்த்து, "நான் மெல்லத்தானே தட்டினேன்? உனக்கு அவ்வளவு வலித்ததா?" என்று கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை; மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். நாமும் மெல்லத்தான் அடித்தோம் என்றே அதுவரை நம்பியிருந்தோம்.

அளவு தவறும் விதம்

அக்கேள்விக்கு விடை பல ஆண்டுகள் கழித்தே நமக்குக் கிடைத்தது. 2003-ஆம் ஆண்டு லண்டனில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். இருவர் மாறிமாறி ஒருவர் விரலை மற்றவர் ஒரு கருவியின் மூலம் அழுத்தவேண்டும். தம்மேல் எவ்வளவு அழுத்தம் பட்டதோ அவ்வளவே திருப்பி அழுத்தும்படி ஒவ்வொருவருக்கும் கட்டளை. இருவரும் நேர்மையாகவே முயன்றார்கள். அப்படியிருந்தும் அழுத்தம் முறைக்குமுறை ஏறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிற்று.

காரணம் யாதெனில், நாமே செய்யும் அசைவை மூளை முன்கூட்டியே எதிர்பார்ப்பதால், அதன் விசையை நமக்குக் குறைத்துக் காட்டுகிறது. பிறரிடமிருந்து வருவது முழு அளவில் உறைக்கிறது. 'நான் மெல்லத்தான் அடித்தேன், அவன்தான் ஓங்கியடித்தான்' என்று இருவரும் சத்தியம் செய்யலாம். இருவரும் பொய்யர் அல்லர். உடம்பின் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன்மேல் காலையில் நடந்த வாக்குவாதத்தையும் வைத்தால் விரல் முறிவதற்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே, சரிக்குச் சரி அடிப்பதாக நினைப்பவன் உண்மையில் கூட்டியே அடிக்கிறான். பட்டதைவிடக் குறைத்துத் தருபவனே சமமாகத் தருபவன். இப்பாடத்தில் நினைவில் வைக்கவேண்டிய முதற் செய்தி இது.

கழைக்கூத்தாடியும் சீடனும்

சம்யுத்த நிகாயத்தில், சேதகம் என்னும் ஊரில் பகவான் சொன்ன உவமை ஒன்றுண்டு. கழைக்கூத்தாடி ஒருவன் மூங்கிலை நிறுத்தி, தன் சீடனான மேதகதாலிகனைத் தோள்மேல் ஏறி நிற்கச் சொன்னான். "நீ என்னைக் காத்துக்கொள், நான் உன்னைக் காத்துக்கொள்கிறேன், வித்தை காட்டிப் பொருள் பெற்றுப் பத்திரமாக இறங்குவோம்" என்றான். சீடனோ, "அப்படியன்று, ஆசானே. நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், நான் என்னைக் காத்துக்கொள்கிறேன்" என்றான்.

சீடன் கூறியதே முறை என்றார் பகவான். அதை அவர் விரித்துரைத்தது நோக்கத்தக்கது. விழிப்புணர்வைப் பழகித் தன்னைக் காப்பவன் பிறரையும் காக்கிறான். பொறுமை, ஊறு செய்யாமை, மைத்திரி, இரக்கம் ஆகியவற்றால் பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான். மூங்கிலின் உச்சியில் நிற்பவன் கீழிருப்பவனைக் குறைகூறிக்கொண்டிருந்தால் தன் காலை மறப்பான், இருவரும் வீழ்வர். ஜோடிப் பயிற்சியும் இத்தன்மையதே. நம் தோழன் தன் உடம்பை நம் வீச்சுக்கு முன் நம்பி நிறுத்துகிறான். அந்த நம்பிக்கை இல்லையேல் ஒரு சுவடுகூடக் கற்க முடியாது.

ஜப்பானில் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ அவர்களும் இதை உணர்ந்திருந்தார். 1882-ஆம் ஆண்டு தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் சில மாணவரோடு அவர் பள்ளியைத் தொடங்கினார். தானும் பிறனும் கூடிச் செழிப்பது என்பதைப் பிற்காலத்தில் ஜூடோவின் பெருநோக்கங்களுள் ஒன்றாக வைத்தார். அங்கே பிடியில் அகப்பட்டவன் கையால் தட்டினால், பிடித்தவன் அக்கணமே விடவேண்டும். தட்டியவனுக்கு அது இழிவாகாது.

நிற்க. போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து சென்று ஷாவோலின் மடத்தில் போர்க்கலை கற்பித்தார் என்றும், நாம் அவர் வாரிசுகள் என்றும் நம் வாலிபர்கள் பெருமை பேசுவதுண்டு. உண்மையை நாடுவோர் இங்கே நிதானிக்க வேண்டும். அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று தான்லின் என்னும் பழைய சீன ஆசிரியர் எழுதினார். 547-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட மற்றொரு நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. போர்க்கலையோடு அவரை இணைக்கும் செய்தி 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றில்தான் தோன்றுகிறது. ஆராய்ச்சியாளர் அதை ஏற்பதில்லை. ஆனால் அவருடைய போதனையாகத் தான்லின் பதிந்துவைத்த நான்கு ஒழுக்கங்களுள் முதலாவது, பிறர் செய்யும் தீங்கைப் பகைகொள்ளாது தாங்குதல். அவர் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வோர் அங்கிருந்து தொடங்கலாமே!

களத்துக்குரிய ஒழுங்குகள்

1. மனக்கசப்போடு கம்பெடுக்கலாகாது. அன்று வாக்குவாதம் நடந்திருந்தால் முதலில் பேசித் தீர்க்கவேண்டும். முடியாவிடில் அன்றைக்கு ஜோடி மாற்றிக்கொள்ளவேண்டும்.

2. தொடங்குமுன் வேகத்தைப் பேசி முடிவு செய்க. இருவருள் இளைத்தவன் சொல்லும் வேகமே இருவர்க்கும் வேகம்.

3. மூச்சு அடைபடுதல், பல்லைக் கடித்தல், கம்பை இறுக்கிப் பிடித்தல் ஆகியவை சினத்தின் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கம்பைத் தரையில் ஊன்றி, மூன்று மூச்சு முழுதாக விட்டபின் தொடர்க.

4. அடி பட்டுவிட்டால் அடித்தவன் உடனே நிறுத்தி, "பட்டுவிட்டதா?" என்று கேட்கவேண்டும். அடிபட்டவனும் வலியை மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்த வலி அடுத்த வீச்சில் வெளிப்படும்.

5. சுற்றி நிற்போர் "விடாதே, போடு" என்று தூண்டலாகாது. எரியும் அடுப்பை ஊதிவிட்டு, சோறு கருகியது என்று பிறகு வருந்திப் பயனில்லை.

6. இருவர் சினந்தால், வாத்தியார் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல முனையாமல் முதலில் பிரித்து உட்காரவைக்க வேண்டும். களம் கலையுமுன் அவர்களை ஒருவரோடொருவர் பேசவைத்தே அனுப்பவேண்டும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்களிடம் 'பொறுத்துக்கொள்' என்று உபதேசித்தவர்கள் பலர். நாம் அதைச் சொல்லவில்லை. இளைத்தவனைத் தேடித் தேடி அடிப்பவன் களத்தில் இருந்தால், அதை வாத்தியாரிடம் வெளிப்படையாகச் சொல்லி அவனை விலக்குவதே தம்மம். பகையில்லாமல் அவனை விலக்கலாம். நாம் கேட்கும் பொறுமை, சமமானவர்கள் தமக்குள் காக்கும் பொறுமை. நம் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குவதையே வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தில் சிறப்பித்தார்.

அறுந்த இழை

ஆலையில் இழை அறுந்தால் உடனே ஒட்டவேண்டும். விட்டுவிட்டால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். பக்கத்து இழைகளும் அறுபடும். பிறகு இறுகிய பஞ்சை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். நாம் அன்றிரவே தோழர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எட்டு நாள் தாமதித்தோம். அவர் மன்னித்தார், விரல் கூடிற்று, ஆயினும் அது முன்போல முழுதாக மடங்கவில்லை. இன்றும் இளைஞன் ஒருவன் கம்பை ஓங்கக் கண்டால் நமக்கு அவ்விரல் நினைவுக்கு வருகிறது.

நம் வாலிபர்கள் இருவருக்கும் காலம் கடந்துவிடவில்லை. யார் முதலில் அடித்தது என்பதை இருவரும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை; ஏன் என்பதை மேலே கண்டோம். ஆகவே அதை விட்டுவிட்டு ஒருவன் மற்றவன் வீட்டுக் கதவைத் தட்டட்டும். கதவைத் திறப்பவன் நம் தோழர் கேட்டதையே கேட்கட்டும்: "உனக்கு அவ்வளவு வலித்ததா?"

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. வேதேகிகையின் சாந்தம் எதனால் குலைந்தது? நம் சாந்தம் எதனால் குலைகிறது?

2. சரிக்குச் சரி திருப்பியடிப்பது ஏன் சரியாக அமைவதில்லை?

3. தன்னைக் காப்பதால் பிறனை எவ்வாறு காக்கிறோம்? உங்கள் வேலையிடத்திலிருந்து ஓர் உதாரணம் கூறுக.

4. நீங்கள் இன்னும் ஒட்டாமல் விட்டிருக்கும் இழை எது?